மசக்கை முதல் மாதம் நிறையும் வரை: உடுமலை வீடுகளில் கர்ப்பகாலச் சாப்பாடு

கர்ப்பமான பெண்ணுக்கென்று தனி உலை வைக்கும் வழக்கம் உடுமலைப்பேட்டைப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் ஆகிற சோறும் குழம்பும் ரசமும்தான் அவருக்கும். ஆகவே தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்பது மாதமும் என்ன போய்ச் சேருகிறது என்பதை மருத்துவமனையைவிட வீட்டு அடுப்படியே அதிகம் தீர்மானிக்கிறது. அந்த அடுப்படிக்கு வேண்டிய பொருளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. திருமூர்த்தி அணையின் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) வாய்க்காலும் அமராவதி ஆறும் பாயும் நிலங்களில் நெல், கரும்பு, தென்னை. மானாவாரிக் காடுகளில் கொள்ளு, சோளம், தட்டைப்பயறு. தோட்டங்களில் தக்காளி, சின்ன வெங்காயம். இதே திருப்பூர் மாவட்டத்து மூலனூர் முருங்கைக்குப் பெயர்போனது. இவ்வளவு விளைகிற தமிழ்நாட்டில்தான் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. இந்திய அளவில் அது 52.2 சதவீதம்.

காட்டில் விளைவது தட்டுக்கு வராமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. கம்பும் சோளமும் கேழ்வரகும் அன்றாடச் சாப்பாடாக இருந்த கொங்கு வீடுகளில் இரண்டு தலைமுறைக்குள் அரிசி முழுதாக இடம் பிடித்துக்கொண்டது. இங்கே ஏக்கர் ஏக்கராக விளையும் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் காலையில் கொள்ளு வேகவைத்துக் கடைய நேரம் இருப்பதில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தில் தான் சாப்பிடுவது என்ற பழக்கமும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. குழம்புச் சட்டியின் அடியில் பருப்பும் காயும் தீர்ந்து வெறும் சாறு நிற்கும் நேரத்தில் கர்ப்பிணி உட்கார்ந்தால், எத்தனை சத்தான சமையலும் அவருக்குப் பயன்படாது.

எவ்வளவு கூடுதலாக வேண்டும்

‘இனி ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பின் பேச்சு. அளவுக் கணக்காக எடுத்துக்கொண்டால் அது மிகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரி. ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு வாழைப்பழம், ஒரு சிறிய டம்ளர் பால், இவ்வளவுதான் அது. அந்தக் கூடுதலும் நான்காம் மாதத்திலிருந்து தேவைப்படுவது. முதல் மூன்று மாதத்தில் வழக்கமான சாப்பாடு வயிற்றில் தங்கினாலே போதும்.

கலோரியைவிட வேகமாக உயர்வது புரதத் தேவை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் போதும். நான்கு முதல் ஆறாம் மாதம் வரை அதனுடன் 9.5 கிராமும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் சேர வேண்டும். தட்டில் சோற்றை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் கலோரி வந்துவிடும், புரதம் வராது. ஒரு முட்டையில் ஆறு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. முப்பது கிராம் நிலக்கடலையில் ஏழு கிராம், ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. பாலும் தயிருமாகத் தினம் 400 மில்லி சேர்ந்தால் பன்னிரண்டு கிராம். வழக்கமான சோறு-பருப்புடன் இவற்றையும் கூட்டிப் பார்த்தால் அறுபது கிராமைத் தொட்டுவிடும். இதில் விலை கூடிய பொருள் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் புரதப் பொடி டப்பாக்கள் செய்யும் வேலையை நிலக்கடலையும் பயறும் செய்துவிடுகின்றன. வீட்டுப் பணம் டப்பாவுக்குப் போவதைவிட முட்டைக்கும் பாலுக்கும் போவது நல்லது.

இயல்பான எடையுள்ள பெண்ணுக்குப் பேறுகாலத்துக்குள் பத்து முதல் பன்னிரண்டு கிலோ ஏறுவது போதுமானது. மெலிந்திருந்தவருக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். ஏற்கெனவே பருமனாக இருந்தவருக்குக் குறைவாக ஏறினாலும் தவறில்லை.

மசக்கை மாதங்கள்

குமட்டலும் வாந்தியும் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதங்களில் வரும். நான்காம் மாதத்தில் பலருக்கும் அடங்கிவிடும். வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும் என்பதால், படுக்கையை விட்டு எழுமுன் இரண்டு ரஸ்க், ஒரு கை பொரி, கொஞ்சம் பொரிகடலை என்று உலர்ந்த ஏதாவது ஒன்றை மென்று, பத்து நிமிடம் கழித்து எழுவது உதவும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சின்ன வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே குடிக்கலாம். எண்ணெய் காய்ந்து கடுகு தாளிக்கும் வாசம் பலருக்குத் தாங்காது. அந்தச் சில வாரங்கள் தாளிப்பை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசம் குறைவு. எனவே இட்லி, சந்தகை, தயிர்ச்சோறு, எலுமிச்சைச்சோறு போன்றவை எளிதாக இறங்கும். இஞ்சி தட்டிப்போட்ட எலுமிச்சைச் சாறும் பலருக்குக் கேட்கும். குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தியாகி, சிறுநீர் அடர்மஞ்சளாகிக் குறைந்தால் அது வீட்டு வைத்தியத்துக்கு உரியது இல்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிவரும்.

புளிப்பின் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் மண், சாம்பல், செங்கல் தூள், பச்சரிசி, சாக்பீஸ் இவற்றின் மேல் வரும் அடங்காத ஆசையை மசக்கைதானே என்று விட்டுவிடக் கூடாது. கர்ப்பிணிகள் மண்ணை விரும்பி உண்பது தமிழ்நாட்டில் பழைய செய்தி. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் புறநானூற்றின் 20-ஆம் பாட்டிலேயே அது பதிவாகியிருக்கிறது: அவன் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவரால் கொள்ள முடியாது என்கிறார் புலவர். இந்த ஆசைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்பது இன்றைய மருத்துவத்துக்குத் தெரியும். மண்ணோடு புழு முட்டைகள் வயிற்றுக்குள் போய் இரத்தசோகையை மேலும் கூட்டும். எனவே மண் தின்னும் பெண்ணைத் திட்டுவதைவிட அவருடைய ஹீமோகுளோபினைப் பார்ப்பது முக்கியம்.

முதல் மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்தாலும் விடக் கூடாதது ஃபோலிக் அமில மாத்திரை. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. கர்ப்பம் உறுதியாகும் முன்பே அந்த நாட்கள் கடந்துவிடும் என்பதால், குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளத் தொடங்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். கீரையிலும் பயறிலும் ஃபோலேட் இருக்கிறது. ஆனால் கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் ஃபோலேட்டின் பெரும்பகுதி அதோடு போய்விடும். சிறிதளவு தண்ணீரில் மூடிவைத்து வேகவிட்டு அப்படியே கடைவது கொங்கு வழக்கம். அதை மாற்ற வேண்டியதில்லை.

இரும்பும் தேநீரும்

கர்ப்பத்தில் தாயின் இரத்தத்தில் திரவப் பகுதி வேகமாகப் பெருகும். சிவப்பணுக்கள் அதே வேகத்தில் பெருகுவதில்லை. அதனால் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவது இயற்கை. டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடும் ஆபத்து. ஒரு முழுக் கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகச் செலவாகிறது. நாளொன்றுக்கு உணவில் இருக்க வேண்டிய அளவு 27 மில்லிகிராம். தானியம், பயறு, கீரை வழியாக வரும் இரும்பில் உடல் உறிஞ்சுவது சிறு பங்குதான். எவ்வளவு இரும்பு சாப்பிடுகிறோம் என்பதோடு, எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்வது சமையலில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

‘சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறவைக்கும்’ என்று நம்பி பீட்ரூட்டையும் மாதுளையையும் வாங்கிக் குவிப்பவர்கள் பலர். நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதே அளவு கொள்ளில் எட்டு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, கம்பில் ஆறுக்கு மேல். தண்டுக்கீரையிலும் முருங்கைக்கீரையிலும் நான்கு மில்லிகிராமுக்கு மேல். நாட்டுச்சர்க்கரையும் உருண்டை வெல்லமும் இந்தப் பகுதியிலேயே கரும்பு ஆட்டிக் காய்ச்சப்படுபவை. வெள்ளைச் சர்க்கரையைவிடச் சிறிது மேல் என்றாலும் இரும்புக்காக அவற்றை அள்ளிச் சாப்பிட்டால் உடலில் சேருவது இனிப்புதான். அசைவம் உண்பவர்களுக்கு ஆட்டின் சுவரொட்டி இரத்தத்துக்கு நல்லது என்று காலங்காலமாகச் சொல்வது சரியானது. இறைச்சியிலும் மண்ணீரலிலும் உள்ள இரும்பு எளிதாக உடலில் சேரும். ஈரலில் மட்டும் கவனம் வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். அளவு மீறினால், குறிப்பாக முதல் மாதங்களில், கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடும் என்பதால் அடிக்கடி நிறையச் சாப்பிட வேண்டாம்.

தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதைத் தளர்த்தும் வழிகள் பழைய சமையலிலேயே இருக்கின்றன. பயறை இரவெல்லாம் ஊறவைத்து முளைகட்டலாம். கம்மங்கூழையும் ராகிக் கூழையும் ஓர் இரவு புளிக்கவிடலாம். இட்லி மாவு புளிப்பதும் இதே வேலையைச் செய்கிறது. கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டுக்குப் பிறகு அரை நெல்லிக்காய், ஒரு கொய்யாப்பழம், கீரைக் கடைசலின் மேல் பிழிந்த எலுமிச்சை, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மலைநெல்லியும் கொய்யாவும் உழவர் சந்தையில் பருவத்தில் மலிவாகவே கிடைக்கின்றன. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைப்பதும் பயன் தரும். புளிப்பு பட்டு இரும்பு குழம்பில் இறங்கும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்வது தேநீர். அதிலுள்ள பாலிஃபீனால்கள் உணவின் இரும்பைக் கட்டிவைத்து, உறிஞ்ச விடாமல் வெளியேற்றிவிடும். பனியன் கம்பெனிகளில் காலைச் சாப்பாடும் டீயும் ஒன்றாகவே முடியும். காலை பத்து, பதினோரு மணிக்கு ஒன்றும் மாலை நாலு, ஐந்து மணிக்கு ஒன்றும் டீ இடைவேளை உண்டு. டீயையே விட்டுவிடு என்றால் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணுக்கு அது கொடுமையாகத் தோன்றும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்பதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. பத்து மணி டீ அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே விழும். இட்லியோடு குடிக்கும் டீயை மட்டும் நிறுத்தினால் போதும். காபி, டீ இரண்டும் சேர்ந்து நாளைக்கு இரண்டு, மூன்று சிறிய டம்ளருக்குள் இருப்பது நல்லது.

உணவு மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசின் திட்டப்படி நான்காம் மாதம் முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை தினம் ஒன்றாகக் குறைந்தது 180 நாள் எடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவது, மலச்சிக்கல், வயிற்றைப் பிரட்டுவது என்று பல பெண்கள் அதை ரகசியமாக நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பு நிறம் இரும்பினால் வருவது, அதில் பயமில்லை. இரவு சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்முன் எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டால் குமட்டல் தெரியாது. பாலோடு போடக் கூடாது. கால்சியம் மாத்திரையைக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். மலச்சிக்கலுக்கு வாழைத்தண்டு, கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர். குடற்புழு மாத்திரை முதல் மூன்று மாதம் முடிந்த பிறகு ஒரு முறை கொடுப்பார்கள். கடந்த சில ஆண்டுகளில் ரேஷன் அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகள் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கப்பட்டன. நிறத்தில் சிறிது வேறுபட்டு, தண்ணீரில் சில மிதப்பதைப் பார்த்துப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்தவர்கள் ஏராளம். அது அரிசி மாவில் செய்த மணிதான், எறிய வேண்டியதில்லை.

அரிசிம்பருப்பும் லன்ச் பாக்ஸும்

கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும்முன் காலைச் சமையல் முடிய வேண்டும். மதியத்துக்குப் பாக்ஸில் போவது பெரும்பாலும் தக்காளிச்சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு, ஓரத்தில் ஊறுகாய். வயிறு நிறையும் என்றாலும் புரதமும் கீரையும் இதில் இல்லை. இதே நேரத்தில், ஒரே குக்கரில் ஆகக்கூடிய கொங்குச் சமையல் ஒன்று இருக்கிறது: அரிசிம்பருப்பு. எண்ணெயில் கடுகு, சீரகம், நசுக்கிய மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, நிறையச் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளி சேர்த்து, மஞ்சள்தூள் போட்டு, அரிசியும் துவரம்பருப்பும் கழுவிப் போட்டு உப்பும் தண்ணீரும் விட்டு மூன்று விசில். வழக்கமாக நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று பருப்பைக் கூட்டலாம். விசில் அடங்கியதும் ஒரு கை முருங்கைக்கீரையை உருவிப் போட்டுச் சூட்டிலேயே மூடிவைத்தால் அதுவும் வெந்துவிடும். மேலே ஒரு கரண்டி நெய். அரிசியில் குறைவான லைசினைப் பருப்பும், பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசியும் ஈடுசெய்வதால், இரண்டும் சேர்ந்த புரதம் தனித்தனியாக உண்பதைவிடத் தரமானது. உடன் ஒரு வேகவைத்த முட்டையும் சிறு டப்பாவில் தயிரும் போனால் அந்த வேளைச் சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கொள்ளை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். முந்தின இரவு ஊறவைத்து வேகவிட்டு, மல்லி, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் கொள்ளுப்பருப்பு. வடித்த தண்ணீர் ரசமாகும். தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, பச்சைப்பயறுக் கடைசல், முருங்கைக்கீரை போட்ட ராகி அடை என்று வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொள்ள இந்தப் பகுதிச் சமையலில் நிறையவே இடமிருக்கிறது. ராகியை விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் கால்சியம். நூறு கிராம் பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கையில், நூறு கிராம் ராகியில் அதைப்போல மூன்று மடங்கு. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். பாலும் தயிரும் 400 மில்லி, ஐம்பது கிராம் ராகி மாவில் ஒரு களி, ஒரு கிண்ணம் கீரை, ஓர் எள்ளுருண்டை இருந்தால் அதை எட்டலாம். கால்சியம் குறைவாக உண்ணும் பெண்களுக்கு மாத்திரையாகக் கொடுக்கும்போது கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமும் வலிப்பும் வரும் அபாயம் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெளிவானது. நான்காம் மாதத்திலிருந்து அரசு மருத்துவமனைகளில் கால்சியம் தரப்படுவது இதனால்தான்.

நூற்பாலைக்குப் போகும் கர்ப்பிணிக்கு இன்னொரு சிக்கல் தண்ணீர். நூல் அறுந்துபோகாமலிருக்க மில்லுக்குள் ஈரப்பதத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்திருப்பார்கள். வியர்வை நிற்காது. கழிப்பறைக்கு அடிக்கடி போக முடியாது என்பதற்காகவே தண்ணீரைக் குறைக்கும் பெண்கள் பலர். இதனால் வரும் சிறுநீர்த் தொற்று குறைமாதப் பிரசவத்துக்கே இட்டுச்செல்லலாம். வேலை நேரத்துக்குள் குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர், மோர், இளநீர் என்று எதுவாகவாவது உள்ளே போக வேண்டும். கழிப்பறைக்குப் போய்வர மேற்பார்வையாளர் முகம் சுளிக்காமலிருப்பதும் கர்ப்பகால ஊட்டத்தில் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும். திருப்பூர் வட்டாரத்தில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பது சாதாரணம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் மதியச் சாப்பாடு ஒன்றுதான் என்றால் போதாது. டீ இடைவேளையில் போண்டாவுக்குப் பதில் கடலைமிட்டாய், வேர்க்கடலை, சுண்டல், பழம் என்று இரண்டு முறையாவது ஏதாவது உள்ளே போக வேண்டும். கர்ப்ப காலத்தில் ஒன்றரை ஷிப்டைத் தவிர்க்க முடிந்தால் அது எல்லாவற்றிலும் மேல். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம்.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்து லைன் வீடுகளில் ஒரே அடுப்பில் சமைத்துக்கொள்ளும் குடும்பங்களும் இப்போது இந்த வட்டாரத்தின் பகுதி. அவர்களுடைய ரொட்டி, பருப்பு, கடுகெண்ணெய்க் காய்கறிச் சமையல் கர்ப்பத்துக்கு ஏற்றதே. பாலும் பழமும் கீரையும்தான் விடுபட்டுப்போகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளவும் அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கவும் ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை என்பதை அக்கம்பக்கத்தவர் எடுத்துச்சொன்னால் பெரிய உதவி.

சர்க்கரை

கர்ப்பத்தில் மட்டும் தோன்றும் சர்க்கரை நோய் தமிழ்நாட்டில் பரவலானது. மருத்துவர் வீ. சேஷையா குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் நகர்ப்புறத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 சதவீதம் கர்ப்பிணிகளுக்கு இது காணப்பட்டது. வெறும் வயிறாக இருக்க வேண்டிய அவசியமின்றி 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் எளிய முறையைப் பரவலாக்கியவரும் அவரே. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சாப்பாட்டு மாற்றமும் நடையுமே போதும். சோற்றின் அளவைப் பாதியாக்கி அந்த இடத்தைக் காயும் பயறும் முட்டையும் நிரப்ப வேண்டும். பழச்சாறு வேண்டாம், பழமாகக் கடித்துச் சாப்பிடலாம். ராகி சர்க்கரைக்கு நல்லது என்று நம்பி நைசாக அரைத்த மாவில் நீர்க்கக் கூழ் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். களியாகவோ கீரையும் கடலையும் சேர்த்த அடையாகவோ அளவோடு உண்பது மேல். வெல்லம் கலந்த சத்துமாவு உருண்டையையும் இவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

ஆகாது என்பவையும் உண்மையில் ஆகாதவையும்

பப்பாளி பேச்சு வராத கர்ப்பம் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் எலிகளில் செய்த ஆய்வில், பழுத்த பப்பாளியால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. காயில் வடியும் பால்தான் கருப்பையைச் சுருங்கவைத்தது. ஆகவே பப்பாளிக்காய்ப் பொரியலும் அரைக்காயும் வேண்டாம் என்பது நியாயம். நன்கு பழுத்த பழத்தில் ஒரு துண்டு தெரியாமல் சாப்பிட்டுவிட்ட பெண்ணை அழவைப்பது நியாயமில்லை. எள், கொள்ளு, அன்னாசி ஆகியவை ‘சூடு’ என்று ஒதுக்கப்படுகின்றன. உணவாக உண்ணும் அளவில் இவை கருவைக் கலைக்கும் என்பதற்குச் சான்றில்லை. கால்சியமும் இரும்பும் தரும் எள்ளையும் கொள்ளையும் ஒன்பது மாதம் ஒதுக்குவதுதான் நட்டம். குங்குமப்பூ குழந்தையை வெளுப்பாக்காது. நிறம் பெற்றோரின் மரபணுவில் இருப்பது. கறுப்பாகப் பிறக்கக் கூடாது என்ற அச்சத்தில் விலை கொடுத்து வாங்கும் அந்தப் பூவின் காசுக்கு ஒரு மாதத்து முட்டை வரும். நிறைய சாப்பிட்டால் பிள்ளை பெருத்துச் சுகப்பிரசவம் ஆகாது என்று எட்டாம் மாதம் முதல் சாப்பாட்டைக் குறைப்பதும் சில வீடுகளில் உண்டு. குழந்தையின் எடையும் மூளையும் வேகமாக வளரும் மாதங்களில் தாயைப் பட்டினி போடுவது அது.

உண்மையாகத் தள்ள வேண்டியவை வேறு. ஆஃப்பாயில், பாதி வெந்த இறைச்சி, காய்ச்சாத பால், தெருவோரத்தில் நறுக்கி வைத்த பழம், ஃப்ரிட்ஜில் நாள்கணக்கில் இருந்த குழம்பு ஆகியவற்றில் வளரும் கிருமிகள் கருவையே தாக்கும். கீரையையும் தக்காளியையும் பூச்சிமருந்து போக ஓடும் தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். அமராவதி, திருமூர்த்தி அணை மீன்களும் கடலின் சிறு மீனான மத்தியும் நல்லவை. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருப்பதால் அவை வேண்டாம். மதுவும் புகையிலையும் எந்த அளவிலும் கூடாது. சுகப்பிரசவத்துக்கென்று விற்கும் கஷாயங்களையும், வலி வருவதற்காக விளக்கெண்ணெய் குடிப்பதையும் மருத்துவருக்குத் தெரியாமல் செய்வது ஆபத்து.

கட்டுச்சோறும் கடைசி மாதங்களும்

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கட்டிவந்து கர்ப்பிணிக்குப் பரிமாறுவது கொங்கு வழக்கம். புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர் என்று பலவகைச் சோறும் ஒப்புட்டும் கச்சாயமும் வரும். அங்கன்வாடிகள் வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பிலும் கலவைச் சோறுகள்தான் விருந்து. ஆசைப்பட்டதைக் கர்ப்பிணிக்கு முதலில் பரிமாறும் அந்த ஒருநாள் வழக்கம் அன்றாடச் சாப்பாட்டுக்கும் வந்தால் பாதிச் சத்துக்குறை தீர்ந்துவிடும். அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியான 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் மதிப்பு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வருவதும் இந்த நோக்கத்தில்தான். அதிலுள்ள நெய்யும் பேரீச்சையும் சத்து மாவும் வீட்டுக் குழந்தைகளுக்குப் பங்கு போய்விடாமல் தாய்க்கே சேர வேண்டும். கர்ப்பத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்வது இந்த உதவிக்கும், நேரத்தோடு தொடங்க வேண்டிய பரிசோதனைகளுக்கும் அவசியம்.

கடைசி மாதங்களில் கருப்பை வயிற்றை மேலே தள்ளுவதால் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும், நெஞ்சு எரியும். மறுபடியும் சின்னச் சின்ன வேளைகளுக்கே வர வேண்டும். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்து, உடனே படுக்காமல், காரத்தையும் வறுவலையும் குறைத்தால் எரிச்சல் தணியும். கால் சற்று வீங்குவது சகஜம் என்பதற்காக உப்பில்லாமல் சாப்பிடச் சொல்ல வேண்டியதில்லை. அயோடின் கலந்த உப்பை அளவோடு போடலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மட்டும் குறையட்டும். முகமும் கையும் வீங்கி, தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அது சாப்பாட்டால் சரியாகும் விஷயம் இல்லை. இரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் உடுமலை வீடுகளில் செலவு ரசம் கொதிக்கத் தொடங்கும். மிளகு, திப்பிலி, சுக்கு, பூண்டு அரைத்த அந்த ரசம் சோற்றோடு சேரட்டும். ஆனால் பத்தியம் என்ற பெயரில் பருப்பையும் கீரையையும் பழத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிடக் கூடாது. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் தாய்க்குக் கூடுதலாக வேண்டியது 600 கலோரி, கர்ப்பகாலத்தைவிட அதிகம். இரும்பு மாத்திரையும் பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள் தொடர வேண்டும்.